டிரம்ஸ்காரன் காதுக்குள்ளே ஒரு தறி

ராக் பேண்டுக்கு சவுண்டு பார்க்கிறவன் பொழப்பு இருக்குதே, கச்சேரி நல்லா போனா எல்லாரும் பாடகியோட செல்ஃபி எடுத்துப்பாங்க, சொதப்பினா மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைத்தான் முறைக்கும். மிக்ஸர் பக்கத்துல நின்னு கையைப் பிசைஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்லப் போறதில்ல. ஒரு ஆறுதலுக்குப் படிங்க.

காஞ்சிபுரத்துல எங்க பேண்டுக்கு இப்பதான் கொஞ்சம் பேர் வந்துக்கினு இருக்குது. பாடறது ரேவதி, டிரம்ஸ் சதீஷ், கிடார் ஜான். போன வருஷம் ரேவதிக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சுது. சென்னையில நடக்கிற பெரிய இசை விழாவுல நமக்கு இடம் கிடைச்சா இருக்கேன், இல்லைன்னா கிளம்பறேன்னு சொல்லிட்டா. அவ போனா பேண்டே இல்ல. அன்னியிலேர்ந்து எனக்கு சோறு இறங்கல.

வேகாத சோறு

எங்களுக்கு இருந்த வியாதி வேகம். ரூம்ல நிதானமா வாசிக்கிற சதீஷ், மேடை ஏறினா நாய் துரத்துற மாதிரி அடிப்பான். ரேவதி மூச்சு வாங்கி பாதி வார்த்தையை முழுங்கிடுவா. நான் கீழேயிருந்து மெதுவா, மெதுவான்னு கை காட்டுவேன். அவன் அதை சூப்பர்னு சொல்றதா நினைச்சுக்கினு இன்னும் வேகமா அடிப்பான்.

ஒரு கல்யாண ரிசப்ஷன்ல சாப்பாட்டு ஹாலுக்கும் ஸ்பீக்கர் வெச்சிருந்தோம். கொஞ்ச நேரத்துல சமையல் கான்ட்ராக்டர் கரண்டியோட ஓடி வந்தார். திட்டத்தான் வர்றார்னு நான் முந்திக்கினு சத்தத்தைக் குறைச்சேன். விஷயம் அது இல்லையாம். பாட்டு வேகத்துக்கு ஜனங்க அள்ளிப் போட்டுக்கினு எழுந்துடறாங்களாம். "தம்பி, கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுப்பா. அடுத்த பந்திக்கு சோறு இன்னும் வேகல."

அமாவாசை

நாங்க பிராக்டீஸ் பண்றது பிள்ளையார்பாளையத்துல, சதீஷ் வீட்டு மாடியில. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் பட்டு நெய்யறவர். நடுவுல ஒரே சுவர்தான், அவர் தறி சத்தம் நாள் பூரா எங்க ரூமுக்குள்ள கேக்கும். எங்க பாட்டெல்லாம் அந்த சத்தத்துக்கு நடுவுல உண்டானதுதான். இழை அறுந்துபோய் அவர் தறியை நிறுத்தினா, நாங்களும் வாத்தியத்தைக் கீழ வெச்சுட்டு டீ குடிக்கக் கிளம்பிடுவோம். அப்படியே பழகிடுச்சு.

ஒருநாள் ரூம்லயே சதீஷ் தலைதெறிக்க ஓட ஆரம்பிச்சான். ரேவதி மைக்கை வெச்சுட்டு, பெங்களூர்ல ஹாஸ்டல் வாடகை எப்படின்னு ஜான்கிட்ட விசாரிச்சா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் போய் நின்னேன். தெரு கப்சிப்னு இருந்துச்சு. அமாவாசை, யாரும் தறியில உட்காரல. அப்பதான் மண்டையில உறைச்சுது. இவன் இத்தனை நாளா ஏகாம்பரம் அண்ணன் தறியைப் பிடிச்சுக்கினுதான் தாளம் போட்டிருக்கான். கீழே வாசல்ல சும்மா நின்னுக்கினு இருந்த அவர்கிட்டயே போய் இதைச் சொன்னேன். அவர் அசரல. "அமாவாசைக்கு லீவு எங்களுக்குத்தான்பா. உங்க ஆளுக்கு யாரு லீவு விட்டது?"

ஏனாத்தூர் மேடை

டிக் டிக்னு அடிக்கிற மிஷின் தாளத்தை இயர்போன் வழியா சதீஷ் காதுல விட்டுப் பார்த்தோம். கொசு மாதிரி கத்துதுன்னு பிடுங்கிப் போட்டான். வேற வழி? ஏகாம்பரம் அண்ணன் தறி பக்கத்துல என் போனை வெச்சு சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிக்கினேன். ஏனாத்தூர் காலேஜ் விழாவுல அதை அவன் காதுக்கு மட்டும் விட்டேன். சென்னை விழாவுக்கு பேண்டு தேர்ந்தெடுக்கிற அம்மா அன்னிக்குன்னு பார்த்து நேர்ல வந்திருந்தாங்க. சவுண்டு நல்லா கேக்கிற இடம் இதுதானேன்னு என் பக்கத்துலயே சேர் போட்டு உட்கார்ந்தாங்க.

முதல் ரெண்டு பாட்டும் அவ்வளவு நிதானம். ரேவதி பாடின ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. மூணாவது பாட்டு பாதியில, சதீஷ் குச்சியைக் கீழ வெச்சுட்டு தண்ணி பாட்டிலைத் திறந்தான். அவசரமா ஹெட்போன்ல கேட்டேன். தறி சத்தமே இல்ல. ரெக்கார்ட் பண்ண அன்னிக்கு நடுவுல இழை அறுந்திருக்குது, அண்ணன் முடிச்சு போட்டுக்கினு இருக்கார். தறி நின்னா டீ, அது மட்டும்தான் இவன் உடம்புக்குத் தெரியும். அவனைப் பார்த்து, பழக்கதோஷத்துல ஜானும் கிடாரைக் கழட்டப் போனான்.

ரேவதி மட்டும் நிறுத்தல. ஒருதடவை திரும்பிப் பார்த்தா, கண்ணு கலங்கிப்போச்சு, ஆனா வரியை விடாம தனியா, சன்னமா பாடிக்கினே இருந்தா. கூட்டம் பேச்சு மூச்சில்லாம நின்னுச்சு. என் ஹெட்போன்ல அண்ணன் இருமுறது கேட்டுச்சு. சீக்கிரம் முடிச்சைப் போடுண்ணான்னு வரதராஜரை விட்டுட்டு அவரைத்தான் வேண்டிக்கினேன். தறி மறுபடி ஓடுச்சு. சதீஷ் குச்சியை எடுத்து விட்டான் ஒரு அடி. பசங்க அத்தனை பேரும் எகிறிக் குதிச்சாங்க. அந்த அம்மா என் பக்கம் சாய்ஞ்சு மெதுவா சொன்னாங்க: "சென்னைக்கு வாங்க. நடுவுல ஒரு இடத்துல நிறுத்துறீங்களே, அதை மட்டும் மாத்திடாதீங்க."

முடிச்சு

ரேவதி பெங்களூருக்கு வரலைன்னு சொல்லிட்டா. மறுநாள் எல்லாரும் ஸ்வீட் வாங்கிக்கினு ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். நடந்ததை அவளே அவருக்குச் சொன்னா. அவர் தறியை விட்டு எழுந்திரிக்காமலே, ஒரு மைசூர்பாக்கை வாயில போட்டுக்கினு கேட்டார்: "இழை அறுந்தா எங்க முதலாளி திட்டறாரு. உங்களுக்கு இன்னாபா, கை தட்டறாங்களா?"

ஒண்ணும் சொதப்பக் கூடாதேன்னு பயந்துக்கினு இருந்தவன், சென்னை மேடையில அதே இடத்துல சரியா சொதப்பணுமேன்னு இப்ப பயந்துக்கினு இருக்கேன்.