தங்களுக்கு நேர்ந்ததை அறிந்து

பனி பெய்து ஓய்ந்த காலையில் நடக்கும்போது பின்னால் யாராவது வேகமாக வந்தால் நான் நின்றுவிடுவேன். திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்வரை நிற்பேன். சப்பாத்துப் போட்ட கால் பனியில் நொறுநொறுவென்று கேட்கும். வெறுங்கால் அப்படியில்லை. ஈரத்துணியை நிலத்தில் அடிப்பது போல இருக்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன்.

கனடாவில் நான் பதினெட்டு வருடம் வேலை செய்த, பாண் சுடும் தொழிற்சாலை மூடப்பட்ட வருடம் அது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் என் பெயரையும் விலாசத்தையும் எழுதுவேன், அதற்கு மேல் வராது. ஐம்பது வயதில் போய் யாரிடம் வேலை கேட்பது என்று தெரியாமல் இருந்தபோது, காசு இல்லாமலே வீட்டு வியாபாரம் செய்யலாம் என்று ஒரு மண்டபத்தில் வகுப்பு நடந்தது. கோட் போட்ட ஒரு தமிழர் படிப்பித்தார். கடைசி வரிசையில் இருந்து கேட்டேன்.

மோர்கேஜ் என்னும் வீட்டுக்கடனைக் கட்டாமல் விட்டவர்களுக்கு வங்கி ஒரு நோட்டீஸ் அனுப்பும். அதன் பிறகு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடத் தவணை இருக்கும். அதற்குள் நிலுவையைக் கட்டவேண்டும், அல்லது வீட்டை விற்றுக் கடனை அடைக்கவேண்டும். தவறினால் வங்கியே விற்றுவிடும். அந்த இடைவெளியில் நாங்கள் போய்க் கதவைத் தட்டவேண்டும். குறைந்த விலைக்கு வாங்குவதாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து எடுக்கவேண்டும். வீட்டை நாங்கள் வாங்குவதில்லை. அந்தத் தாளைக் காசுள்ள ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு, இடையில் நிற்கும் தொகையை எடுத்துக்கொள்வதுதான் தொழில்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்: “சேர், அவையள் ஒரு ஏஜென்ரைப் பிடிச்சு நல்ல விலைக்கு வித்துப்போட்டுப் போகலாம் தானே?”

“போகலாம் அண்ணை. அதை நீங்களே போய் அவையளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறியளோ?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கையால் எழுதிய கடிதத்தைத்தான் ஆட்கள் பிரித்துப் பார்ப்பார்கள் என்றார் அவர். “வீட்டுப் பொம்பிளையின்ரை பேரைப் போடுங்கோ. முதல் வரியிலையே அனுதாபம் தெரியோணும்.” மாதிரிக்கு ஓர் ஆங்கிலக் கடிதமும், எங்கிருந்தோ எடுத்த பெயர்ப் பட்டியலும் தந்தார். பட்டியலில் தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் கீழே கோடிட்டேன். தமிழருக்குத் தமிழில் எழுதலாம் அல்லவா?

அனுதாபமான தமிழை நான் படித்தது ஓர் இடத்தில்தான். பலசரக்குக் கடை வாசலில் இலவசப் பத்திரிகைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். வேலை இடைவேளைகளில் அவற்றின் மரண அறிவித்தல்களை எழுத்துக்கூட்டி வாசித்தே என் தமிழ் கொஞ்சம் வளர்ந்தது. அதனால் என் கடிதம் இப்படித் தொடங்கியது: “அன்புடையீர், தங்களுக்கு நேர்ந்ததை அறிந்து மிகுந்த வேதனையடைந்தேன். இத்துயர வேளையில் தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.” கீழே என் தொலைபேசி இலக்கம். எழுதி முடித்து மூன்று தரம் வாசித்தேன். நான் எழுதியதா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் வீடு ஒஷாவாவில் இருந்தது. தை மாதத்துக் காலை. கார் விடும் பாதையில் பனி அள்ளியிருக்கவில்லை. தபால் பெட்டியில் விளம்பரத் தாள்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. வகுப்பில் சொன்ன அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்தன. மணியை அழுத்தினேன். கையில் மாவோடு ஒரு பெண் கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும்.

புதிய ஆட்களோடு எனக்குக் கதைக்க வராது. காருக்குள் இருந்து பாடமாக்கிய வசனம் மறந்துவிட்டது. நல்ல உடுப்பு என்று என்னிடம் இருந்தது ஒரு கறுப்பு மேலங்கிதான், அதைப் போட்டிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினேன். “உங்களுக்குத்தான், தங்கச்சி,” என்றேன். திரும்பி நடந்தேன். “வாறன்” என்றுகூடச் சொல்லவில்லை. கூச்சத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் புறப்படுவது செத்தவீட்டில் மட்டும்தான்.

காரை எட்டுவதற்குள் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

“அண்ணை! நில்லுங்கோ அண்ணை!”

வெறுங்காலோடு ஓடிவந்திருந்தார். பிரித்த கடிதம் கையில் இருந்தது.

“எங்கை வச்சு?”

எங்கே வைத்து அறிந்தேன் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். “லிஸ்ற் ஒண்டு இருக்குது தங்கச்சி. அதிலை பேர் கிடந்தது.”

“லிஸ்ற்றோ? எத்தினை பேர்?”

“கனபேர்.”

அவர் பனியிலேயே குந்திவிட்டார். “நேற்று விடியவும் இவர் கதைச்சவர். தண்டர் பே தாண்டீட்டன், ரோட்டு நல்ல வெளிச்சம் எண்டவர். ஆர் சொன்னது? பொலிசோ?”

“பாங்க்.”

“பாங்க்கோ?”

“மோர்கேஜ் கட்டேல்லை எண்டு… மூண்டு மாசமா… வீட்டைப் பற்றித்தான் தங்கச்சி.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இவருக்கு?”

“அவரை எனக்குத் தெரியாது.”

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. சாவுச் செய்தி கொண்டுவந்தவன் என்று என்னை நினைத்திருக்கிறார். அவருடைய கணவர் பிறம்ரனில் இருந்து மேற்கு மாகாணங்களுக்குச் சாமான் ஏற்றி ரக் ஓடுகிறவர். மூன்று நாளாக ரோட்டில் இருந்தார். கையைக் கொடுத்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கணவரின் இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினார். மூன்றாம் தரத்தில் மறுபக்கம் ஓர் ஆண் குரல் கேட்டது.

“என்னப்பா, ஓடிக்கொண்டிருக்கிறன்.”

“ஒண்டுமில்லை,” என்றார் அந்தப் பெண். “சாப்பிட்டனீங்களோ?”

வைத்துவிட்டு அழுதார், பிறகு சிரித்தார். கால் இரண்டும் சிவந்து போயிருந்தன. அப்படியே நின்று எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். “வீடு தானே அண்ணை! போனால் போகட்டும். நான் என்னவோ ஏதோ எண்டு…” வீட்டுக்கடன் தவறியது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகும் அது ஒரு பெரிய விஷயமாக அவருக்குப் படவில்லை, அன்றைக்கு.

நான் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தேன்.

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்தப் பெண் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பையைத் திறந்து தாளை எடுத்து வைத்தேன். “எங்கை வைக்கோணும்?” என்று மட்டும் கேட்டார். வாசிக்கவில்லை. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயுமுன் அவருடைய கை மா அதில் பட்டது.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது. கணவர் சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடும்வரை அந்தத் தாள் செல்லாது. இடையில் மூன்று நாள். ஒரு முகவரைப் பிடித்துச் சந்தையில் விட்டால், கடனை அடைத்த பிறகும் இன்னோர் இடத்தில் காலூன்ற அவர்களுக்கு ஒரு தொகை மிஞ்சும். என் விலைக்குக் கொடுத்தால் கடன் அடையும், அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அழைத்தேன்.

“சொல்லுங்கோ அண்ணை.”

“ஃபேர்னஸ் வேலை செய்யுதோ தங்கச்சி?”

“ஓம், நல்ல சூடு வருது.”

“அப்ப சரி.”

சனிக்கிழமை கணவர் கராஜ் கதவைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். உயரமான, பெரிய உடம்புக்காரர்.

“வாங்கோ வாங்கோ. என்ரை செத்தவீட்டுக்கு வந்த அண்ணை நீங்கள் தானே? செத்தவன்ரை சைன் செல்லுமோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். “மூண்டு மாசமா இவளுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் ரக்குக்குள்ளையே கிடந்தன். ஏச்சு விழும் எண்டு வந்தால் ஆட்டிறைச்சி காய்ச்சி வச்சிருக்கிறாள். புண்ணியமாப் போகும் உங்களுக்கு.”

தாளை வாங்கி ரக்கில் கொண்டுவந்த பெட்டியொன்றின் மேல் வைத்தார். பேனையைப் பிடித்தவர் நிறுத்தினார்.

“அண்ணை, இது நல்ல விலைதானோ? ஆரையும் கேக்க நேரமில்லை. நீங்கள் எங்கடை ஆள், பொய் சொல்லமாட்டியள்.”

உள்ளே அந்தப் பெண் சாப்பாட்டுக் கோப்பைகள் வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். நான் இருந்து சாப்பிட்டேன்.

தாளை வாங்கியவர் எனக்குக் காசோலை தந்தார். அதில் எங்கள் வீட்டு வாடகையும் பழைய கடன்களும் தீர்ந்தன. வீட்டுக் கதவின் திறப்பை வாங்கும் நாளில் அவர் வரவில்லை, என்னை அனுப்பினார். நான் போனபோது சாமான் ஏற்றிய வான் வாசலில் நின்றது. வெறும் வீட்டை அந்தப் பெண் கூட்டித் துடைத்து வைத்திருந்தார்.

“ஹோல் லைற்றை நூக்காதேங்கோ அண்ணை,” என்று திறப்பைத் தந்தார். “வீட்டை இருட்டிலை விட்டுட்டுப் போக மனம் கேக்குதில்லை.”

“ஸ்காபரோவிலை பேஸ்மென்ற் ஒண்டு எடுத்திருக்கிறம்,” என்றார் கணவர். “கூரை பதிவு. நான் குனிஞ்சு கும்பிட்டுக்கொண்டுதான் உள்ளை போகோணும். ஒருநாளைக்குச் சாப்பிட வாங்கோ.”

அவர்கள் போன பிறகு பூட்டு மாற்றுகிறவர் வந்தார். வேலையை முடித்துவிட்டு, போகிற போக்கில் சுவிட்சை அணைத்தார். எரிய விடச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழாக இருந்தாலும் வந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் ஒரு கதவையும் தட்டவில்லை. யூனியன்வில்லில் ஓர் அலுவலகக் கட்டடம் துப்புரவு செய்கிறேன். ஆனால் தெருக்களில் போகும்போது கண் தானாகவே தேடுகிறது. பனி அள்ளாத வாசல், பிதுங்கிய தபால் பெட்டி. எங்கேயாவது அப்படி ஒரு வீடு நின்றால் தெருவைக் கடந்து மறுபக்கத்தால் போவேன்.

அவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது அழைத்தார்கள். “அண்ணை இன்னும் சாப்பிட வரேல்லை.” வேலை என்று சொல்வேன். கோடையில் அந்த வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நட்டார்கள். சில நாளில் விற்றும் போனது. எவ்வளவுக்கு என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தொகையை நான் யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் அந்தப் பெண் அழைத்தார். சுகம் விசாரித்தார். கணவரின் முதுகுவலியைப் பற்றிச் சொன்னார். பிறகு கேட்டார்:

“அண்ணை, எங்கடை வீடு பிறகு எவ்வளவுக்குப் போனதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது தங்கச்சி.”



“சும்மா கேட்டனான்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் அழைக்கவில்லை.