சவர்க்காரத்தில் இருந்த அந்தோனியார்

அன்பான சகோதரங்களே, நான் ஜெசிந்தா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். என் செபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இனிப்பான கதையைத் தேடுகிறவர்கள் இப்போதே கீழே வைத்துவிடலாம்.

1997, தபசு காலம். ஜெயபுரத்தில் எங்கள் கொட்டிலுக்குள் ஒரு பெட்டி நிறையச் சவர்க்காரம் விற்காமல் கிடந்தது. என் கணவரின் தங்கை ரெஜினா மச்சாள், தன் காதுத் தோட்டை விற்று எண்ணெய் வாங்கிக் காய்ச்சியது. அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பொன் அது. அந்தச் சவர்க்காரத்தைக் கெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

கரையில் இருந்த காலத்தில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவேன். திருவிழாவுக்குக் கொடி வரைவேன். சமையல் முடிந்த பிறகு பொழுதுபோக்காகச் செய்ததுதான். சண்டையால் தொண்ணூறில் கரையை விட்டோம். தொண்ணூற்றாறில் கிளிநொச்சியையும் விட்டு ஜெயபுரம் வந்தோம். வெளியிலிருந்து சாமான் வராத காலம். சனம் தாங்களே பற்பொடி இடித்தார்கள், ஊதுபத்தி உருட்டினார்கள், சவர்க்காரம் காய்ச்சினார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பழைய கொப்பித் தாளில் சுற்றியே சந்தைக்குப் போனது. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. பெயர் வைப்பது, படம் வரைவது, சுற்றுத்தாள் அச்சடிப்பது எல்லாவற்றையும் ஓரிடத்தில் செய்தால் இதையே தொழிலாக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பற்பொடிக்காரரும் ஊதுபத்திக்காரரும் முதலில் வந்தார்கள். எனக்குத் தலை கனத்துவிட்டது.

மச்சாளின் தகப்பன் கரையில் சம்மாட்டி, சொந்த வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். அவள் கேட்டது மிகச் சின்ன விஷயம்.

“எங்கட ஐயா வலையில போடுற அடையாளத்தைப் போடன், ஜெசி. ஒரு தூண்டிலும் ரெண்டு கோடும். அது காணும்.”

நான் சிரித்தேன். “விசரே உனக்கு? சவுக்காரம் மீன் நாறும் எண்டு ஒருத்தரும் வாங்காயினம்.”

நான் அந்தோனியாரைப் போட்டேன். வேதக்காரரும் சைவக்காரரும் அவரிடம் போகிறார்கள், அதனால் எல்லாரும் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். உள்ளதைச் சொன்னால், நான் அவரை வணங்கவில்லை, வேலைக்கு வைத்தேன். அச்சு வெட்ட வேறொன்றும் கிடைக்காததால் பழைய ரப்பர் செருப்பின் அடியைக் கழுவி, அதிலே குழந்தை யேசுவோடு அவர் முகத்தைச் செதுக்கினேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தாளில் குத்தினேன். சவர்க்காரம் இறுகுமுன் அதன் மேலும் குத்தினேன். அழகாகத்தான் இருந்தது.

முதல் கிழமை வாங்கினார்கள். பிறகு யாரும் திரும்பி வரவில்லை. அந்தோனியாரை எந்தப் பெண் கக்கத்தில் தேய்ப்பாள்? எந்தப் பெண் அவர் முகத்தைக் கிணற்றடிச் சேற்றில் விடுவாள்? இத்தனை வருடம் செபமாலை உருட்டிய எனக்கு அது தோன்றவில்லை. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல நான் எண்ணெயைக் குறை சொன்னேன். மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: “எண்ணெய் என்ன செய்தது? நீ புனிதரைச் செருப்பில வெட்டினனி.”

அன்றோடு முடிந்தது. பற்பொடிக்காரர் தன் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கோயிலில் என் பக்கத்தில் ஒருவரும் முழந்தாளிடவில்லை. ஒரு கிழமைக்குள் மச்சாள் மன்னார்க் கரையில் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். போகும்போது பெட்டியைக் காட்டி, “அதை நீயே வைச்சிரு” என்றாள்.

அந்தோனியாரின் நாளான செவ்வாய்க்கிழமைகளில், கிடுகு வேய்ந்த எங்கள் கோயிலுக்குப் போனேன். செபித்தேன் என்று சொல்ல மாட்டேன், அவரோடு சண்டை பிடித்தேன். “உமக்காகக் கொடி வரைந்த கை இது. ஊரை எடுத்தீர், கடலை எடுத்தீர், இப்போது என் பெயரையும் எடுத்தீரா? இந்தப் பெட்டி விற்கட்டும். இல்லையென்றால் இனித் தூரிகை தொடமாட்டேன்.” பதில் வரவில்லை. ஆறாம் செவ்வாய் அழக்கூட முடியாமல் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் செல்லம்மா நின்றாள். மலையகத்திலிருந்து வந்து வயல் வேலை செய்யும் பெண், சைவம். எங்களைப் போல அவளும் கிளிநொச்சிப் பக்கமிருந்து ஓடி வந்தவள்.

“அக்கா, அந்தச் சாமி படம் மட்டும் தருவீங்களா? சோப்பு வேணாம்.”

ஏன் என்று கேட்டேன். தன் கொட்டிலுக்குக் கூட்டிப்போனாள். மண் சுவரில் என் சுற்றுத்தாள் ஒட்டியிருந்தது. கீழே, தேய்க்காத சவர்க்காரத்தின் மேல் ஒரு செவ்வரத்தம்பூ.

“ஓடி வர்றப்ப சாமி படமெல்லாம் வுட்டுட்டு வந்துட்டோம்க்கா. இந்த லைன்ல நாலஞ்சு வீட்ல இதுதான் சாமி. ஏன்க்கா, சோப்புக்கு எதுக்குச் சாமி? செஞ்சவங்க யாருன்னு போட்டா பத்தாதா?”

மச்சாள் சொன்னதும் அதுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் நான். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

அடுத்த நாள் கத்தியை எடுத்து ஒவ்வொரு கட்டியிலும் அந்தோனியாரைச் சீவினேன். சொந்தக் கையால் அவர் முகத்தைச் சீவுவது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சீவல்களை எறிய மனம் வரவில்லை. செருப்பு அச்சையும் சேர்த்துக் கோயில் முற்றத்தில் புதைத்தேன். பிறகு தூண்டிலையும் இரண்டு கோட்டையும் மரத்தில் வெட்டி, புதுத் தாள்களில் குத்திக் கட்டிகளைச் சுற்றினேன்.

என் கணவர் பெட்டியைச் சைக்கிளில் கட்டி மல்லாவிச் சந்தைக்குக் கொண்டுபோனார். அங்கே எங்கள் கரைச் சனம் நின்றது. “இது எங்கட சம்மாட்டியாரின்ர அடையாளமெல்லோ, அவையள் கலப்படம் செய்யாயினம்” என்று வாங்கினார்கள். பொழுது சாயுமுன் பெட்டி வெறுமையாகிவிட்டது.

அதன் பிறகு வந்தவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “உங்கட ஊரில உங்களை எதை வைச்சு அறிவினம்?” ஒருவர் தன் மாடுகளுக்குச் சுட்ட குறியைச் சொன்னார். ஒரு பெண் தன் வீட்டு வாசல் படலையைச் சொன்னாள். அதையே வரைந்தேன். பற்பொடிக்காரரும் திரும்பி வந்தார். சனம் எங்கள் கொட்டிலை ‘லேபல் வீடு’ என்கிறார்கள். நாலு வருடமாக அதில்தான் சாப்பிடுகிறோம். அந்தோனியார் படம் கேட்டு வருகிறவர்களுக்கு மரத்தில் வெட்டிய அச்சால் சும்மா அடித்துக் கொடுக்கிறேன். அவர் என்னிடம் வேலை செய்வதில்லை இப்போது.

செபம் கேட்கப்பட்டது, சகோதரங்களே. நான் கேட்டது அப்படியே கிடைத்தது. பெட்டி விற்றது. ஆனால் என் வாய் கேட்டது பெட்டியை மட்டும்தான். மச்சாள் திரும்பி வரவேண்டும் என்று கேட்க அன்று என் வீம்பு விடவில்லை. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. இந்தியாவில் எந்த முகாமில் இருக்கிறாள் என்று தெரியாது. படகு கரை சேர்ந்ததா என்றும் தெரியாது. அவளுடைய தகப்பனின் அடையாளத்தில் நாங்கள் சோறு தின்கிறோம், அது அவளுக்குத் தெரியாது.

உங்களுக்கும் கோபம் இருந்தால் கோபத்தோடேயே போய் முழந்தாளிடுங்கள், அந்தோனியார் தாங்குவார். ஆனால் எதைக் கேட்பது என்று என்னைவிடக் கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள். ஒவ்வொரு செவ்வாயும் நான் கிடுகுக் கோயிலில் இடப்பக்கம் இருப்பேன். முடிந்தவர்கள் வந்து என் பக்கத்தில் முழந்தாளிடுங்கள். ரெஜினாவுக்காக.