ஹீட்டர் போடச் சொன்னவர்

ராஜாத்தி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. அவள் புருஷன் தாவீதுராஜ் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாடகைக் கார் ஓட்டியவர். ஒரு பொங்கல் கழிந்த வாரத்தில், வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வாயும் கேட்கவில்லை. குரல் வந்தது, நினைத்த சொல் வரவில்லை. சீனி வேண்டுமென்றால் உப்பு என்பார். துண்டு கேட்க வாயெடுத்துச் செருப்பைக் கேட்பார். சொன்ன பிறகுதான் அது தப்பென்று அவருக்கே தெரியும். உடனே கண்ணை மூடிக்கொள்வார்.

வெள்ளை நிற டீசல் கார் வேப்பமரத்தடியில் தூசி படிந்து நின்றது. விற்றுவிடலாம் என்று ராஜாத்தியின் தம்பி சொன்னான். தாவீதுராஜ் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அதற்குச் சொல் தேவைப்படவில்லை. பிழைக்க வேறு வழியும் தெரியவில்லை. ராஜாத்தி அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைக் குதிக்க வைத்து, கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க எஞ்சினை அணையவிட்டு, கடைசியில் லைசென்ஸ் வாங்கினாள்.

காலையில் திருச்சுழி பஸ் ஸ்டாண்டிலிருந்து டீச்சர்மார்களை ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் விடுவாள். பிறகு ஆஸ்பத்திரி சவாரி, கல்யாண சவாரி. நடுவில் வீட்டுக்கு ஓடி வந்து அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவாள். சாயங்காலம் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் முதுகு இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் அவர் ஒரு சொல்லைத் தேடினால் அவளும் கூடவே காத்திருந்தாள். பிறகு, இதுவா அதுவா என்று எடுத்துக்கொடுத்தாள். அப்புறம் அதற்கும் தெம்பில்லை. அவர் வாயைத் திறக்கும்போதே, "வெந்நிதான? வைக்கிறேன்," என்று முடித்துவிடுவாள். வெந்நீர் வந்துவிடும். அவர் கேட்க நினைத்தது வேறாக இருந்தாலும் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

சித்திரை வெயில் ஏறியதும் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறத் தொடங்கியது. சில நாளுக்கு ஒரு முறை ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. கீழே குனிந்து பார்த்தாள். சொட்டு ஈரம் இல்லை. சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டாள். குறையக் குறைய ஊற்றினாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது தாவீதுராஜ் இடது கையின் ஒரு விரலை நிமிர்த்தி, காரின் முள் எப்படி என்று கேட்பது போல அசைத்துக் காட்டுவார்.

"நல்லாத்தான் இருக்கு," என்பாள். விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் பக்கத்து வீட்டு மாயக்காளுக்கு அருப்புக்கோட்டையில் கண்புரை ஆபரேஷன். முடிந்து அழைத்து வரும்போது உச்சிவெயில். மாயக்காள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்சீட்டில் இருந்தாள். வேர்வையோ தூசியோ கண்ணில் படக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் ராஜாத்தி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டிருந்தாள். டவுனைத் தாண்டி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மட்டும் நிற்கிற இடத்துக்கு வந்தபோது முள் பாதியைத் தாண்டி மேலே போனது. அவள் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏங்க, முள்ளு ஏறுது. மாயக்கா மதினி வேற வண்டியில இருக்காக. என்ன செய்ய?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஹீட்டர்," என்றார். "ஹீட்டர்... போடு."

இந்த வெயிலில் ஹீட்டர். உப்பு, சீனி என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

"ஏசியச் சொல்றீகளா?"

"ஹீட்டர்." திரும்பவும் இழுத்து, "நிறுத்து," என்றார்.

"ஏசிய நிறுத்தணும், அதான? சரி, வைங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் போனை வைத்துவிட்டாள். ஏசியை அணைத்து ஓட்டினாள். முள் ஒரு நிமிஷம் நின்றது போல இருந்து, மறுபடி ஏறியது. அடுத்த வளைவுக்குள் முன்னால் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பானட்டின் இடுக்கெல்லாம் வெள்ளை ஆவி கிளம்பி எதிரே ரோடு தெரியாமல் மறைத்தது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

மாயக்காளைக் கைப்பிடித்து இறக்கி, கருவேல நிழலில் உட்கார வைத்துத் தன் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள்.

"அவுக ஹீட்டர்னுதான சொன்னாக," என்றாள் மாயக்காள். "ரெண்டு தரம் சொன்னாகளே."

"அவுகளுக்கு வார்த்த மாறும் மதினி. ஒங்களுக்குத் தெரியாதா."

அந்தப் பக்கமாக வந்த பால் வேன்காரர் மாயக்காளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். ராஜாத்தி மட்டும் காரோடு நின்றாள். போன் அடித்தது.

"ஆவி?" என்றார் தாவீதுராஜ்.

"ஆமா."

"நான்..." என்று தொடங்கினார். "நான்... சரியா..." அதற்கு மேல் வரவில்லை. எப்போதும் போல முடித்துக்கொடுக்க அவள் வாயெடுத்தாள். அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை.

அவர் கூட்டாளி மெக்கானிக் வீரணன் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். மறுநாள் காலையில் ராஜாத்தி கிளம்பியபோது தாவீதுராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருந்தார். பித்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். வேண்டாமென்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. நோய் வந்த பிறகு அவர் பஸ் ஏறியது அன்றைக்குத்தான். அவர் காலைத் தூக்கிப் படியில் வைக்கும் வரை கண்டக்டர் விசில் ஊதாமல் பொறுத்தார்.

பட்டறையில் வீரணன் தாவீதுராஜ் உட்கார ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ரேடியேட்டரின் மேல்பக்கத்து ரப்பர் குழாய், மேல் ஓஸ், வெடித்துக் கிழிந்திருந்தது. கீழ் ஓஸை அமுக்கினால் ஊறிய ரொட்டி போல அமுங்கியது. வீரணன் எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார்.

"இங்க பாரு தாயி. இது ஹீட்டருக்குப் போற ஓஸு. வெறச்சு, வெடிப்பு விட்டிருக்கு. இதுலருந்து ஒழுகி சூட்டு எஞ்சின் மேலயே காஞ்சிருக்கு. அதான் ஒனக்குத் தரையில ஈரம் தெரியல."

ராஜாத்தி தயங்கி, "வண்டி சூடாகும்போது ஹீட்டரப் போட்டா என்னண்ணே ஆகும்?" என்று கேட்டாள்.

"எஞ்சின் சூட்ட இழுத்து உள்ள விடும். ஆளு வெந்துபோவான், எஞ்சின் கொஞ்சம் தாங்கும். போட்டுக்கிட்டே ஓரமாப் போயி நிறுத்திறணும்."

ஹீட்டர் போடு. நிறுத்து. அவள் ஸ்டூல் பக்கம் திரும்பவில்லை.

வீரணன் பழைய தண்ணீரை ஒரு பேசினில் வடித்தார். துரு கலந்து செங்காவியாக வந்தது. கிளாம்புகளைத் தளர்த்திவிட்டு ஹீட்டர் ஓஸைக் குறடால் பிடித்தார். அது குழாயோடு ஒட்டிக்கிடந்தது. முறுக்கப் போனார்.

"சீப்பு," என்றார் தாவீதுராஜ். "சீப்பு, சீப்பு." தலையை வேகமாக ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறந்து, இடது கையால் காற்றில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

வீரணன் ராஜாத்தியைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லாமல் நின்றாள். தாவீதுராஜ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"பி... பிளேடு."

"கிழிக்கவா?" என்றார் வீரணன். "அதுஞ்சரிதான். முறுக்குனா உள்ளுக்குள்ள இருக்கிற குழாயி ஒடிஞ்சாலும் ஒடியும்." பிளேடால் ஓஸை நீளவாக்கில் கிழித்து உரித்தெடுத்தார். குழாயின் வாயை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் பண்ணினார். பிறகு அவளிடம் கேட்டார்: "நம்மூரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு? ரெண்டு வாயையும் அடைச்சு விட்டுருவமா? நெறையப் பேரு அப்படித்தான் செய்றாக."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஒரு வேலை குறையும். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

"அவுகள்ட்ட கேளுங்கண்ணே. அவுக வண்டி," என்றாள்.

வீரணன் குறடைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலுக்கு முன்னால் குந்தினார். ரோட்டில் ஒரு லோடு லாரி போய், இன்னொன்றும் போனது.

"மழை," என்றார் தாவீதுராஜ். உள்ளங்கையால் எதிரே எதையோ துடைத்தார். "புகை... மறைக்கும்." பிறகு விரலை ராஜாத்தி பக்கம் நீட்டினார். "அவ... ஓட்டுறா."

போன ஐப்பசி மழையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது முன்கண்ணாடி உள்ளே பனித்துப்போய், அவள் ஒரு கையால் துடைத்துத் துடைத்து ஓட்டியதை அவர் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறார். ஹீட்டர் காற்று பட்டால் அந்தப் பனி விலகும். ராஜாத்தி பட்டறைக்கு வெளியே வந்து குழாயில் முகம் கழுவினாள். கழுவியது போதாதென்று இன்னொரு முறையும் கழுவினாள்.

எல்லா ஓஸும் புதிதாக மாட்டி, கூலன்ட் ஊற்றி, எஞ்சினுக்குள் சிக்கிய காற்று வெளியேற ஹீட்டரைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தார் வீரணன். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தாவீதுராஜ் முன்சீட்டில் உட்கார்ந்து, திருச்சுழி ரோடு ஏறுவதற்குள் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பஸ்ஸில் வந்த அலுப்பு, பேசின அலுப்பு. அவளுக்கும் கண் எரிந்தது. ரோட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினாள்.

வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது அவர் விழித்துக்கொண்டார். ஆடுகள் கத்தின. அவரை இறக்க வேண்டும், தழை ஒடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். அவள் கதவைத் திறக்கப் போனாள். அவர் இடது கை அவள் மணிக்கட்டின் மேல் வந்து நின்றது. வாய் திறந்தது, சொல் வரவில்லை.

வெந்நிதான என்று அவள் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்..." என்றார். விட்டு, மறுபடி பிடித்தார். "சாப்பிட்டியா?"

காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தாள்.

"இல்லங்க," என்றாள் ராஜாத்தி.