கல்சுவருக்கு அப்பால் எட்டடி

ஹார்லன் பெட்டெங்கில் போன ஜனவரியில் இறந்துபோனார். எங்கள் ஊரின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தை ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவருக்குச் சமர்ப்பிப்பது வழக்கம். இந்த வருஷம் அவருக்கு. "பெவர்லி, நீதான் அவரோட இத்தனை வருஷம் உக்காந்திருந்தே. அரைப்பக்கம் எழுதிக் குடு" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர், இருபத்திரண்டு வருஷம் மேல்முறையீட்டு வாரியத்தில் சம்பளமில்லாமல் உழைத்தவர், நேர்மையானவர் என்று எழுதினேன். எல்லாம் உண்மைதான். அந்த அரைப்பக்கத்தில் எழுத எனக்குத் தைரியம் வராததை இங்கே எழுதுகிறேன்.

யார் வீடு கட்டினாலும் பக்கத்து எல்லையிலிருந்து பதினைந்து அடி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் ஊர் விதி. விட முடியாதவர்கள் விதிவிலக்கு கேட்டு வாரியத்திடம் வருவார்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஊர் மண்டபத்தில் ஐந்து உறுப்பினர்கள் உட்காருவார்கள். நான் செயலாளர். மனுவை வாங்கிச் சரிபார்ப்பதும், அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்குப் பதிவுத் தபால் அனுப்புவதும், கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை.

மற்ற நாலு பேரும் மனுவோடு வரும் படத்தைப் பார்த்தே ஓட்டுப் போடுவார்கள். ஹார்லனுக்கு அது போதாது. கூட்டத்துக்குப் பத்து நாள் முந்தின சனிக்கிழமை, குப்பைக் கிடங்கில் குப்பையைக் கொட்டிவிட்டு நேராக மனுக்காரர் வீட்டுக்குப் போவார். கையில் நூறடி இரும்பு டேப். ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மறு முனையைப் பக்கத்து எல்லை வரை இழுத்துக்கொண்டு போவார். "ஹார்லன் டேப்பைப் பிரிச்சா கோழிக்கூடுகூட வயித்தை எக்கிக்கும்" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவருடைய சொந்த மச்சான் மேப்பிள் பாகு காய்ச்சக் கொட்டகை போட்டபோது, உறவு என்பதால் ஹார்லன் ஓட்டுப் போடக் கூடாது. எழுந்து போகும்போது, "ரெண்டடி உள்ள வந்திருக்கு, நானே அளந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொட்டகையைப் பிரித்துத் தள்ளிக் கட்ட வேண்டியதாயிற்று. மச்சான் இரண்டு வருஷம் நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஹார்லன் அசரவில்லை. அந்த வான்கோழியைத் தானும் தன் மனைவி ஆர்டிஸும் ஒரு வாரம் தின்று தீர்த்ததாகச் சொல்வார்.

இனி வெர்னா ஸ்டிக்னியின் மனு. அவள் கணவர் எல்வினுக்குப் பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வீடு சின்னது. படுக்கையும் குளியலறையும் மாடியில், படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. கீழே ஒரு அறையும் கழிப்பறையும் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டின் முன்னால் சாலை, பின்னால் கழிவுநீர்க் குழி, மேற்கே பாறை. மிச்சமிருந்தது கிழக்குப் பக்கம் ஒன்றுதான். அங்கே பழைய கல்சுவர். அதற்கு அப்பால் யாரோ வெளியூர்க்காரரின் காடு.

ஹார்லன் போய் அளந்தார். கட்டப்போகும் அறைக்கும் கல்சுவருக்கும் நடுவே ஒன்பதடி நாலு அங்குலம்.

கூட்டத்தில் இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் முடியாது என்றார்கள். ஹார்லனின் ஓட்டு பாக்கி.

"வெர்னா, உன் கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். "எல்வினும் நானும் ஒண்ணா மான் வேட்டைக்குப் போனவங்க. ஆனா சட்டம் என்ன சொல்லுது? கஷ்டம் நிலத்தோடதா இருக்கணும், மனுஷனோடதா இருக்கக் கூடாது. நாளைக்கு நீங்க வீட்டை வித்துட்டுப் போயிடுவீங்க, அறை அங்கயே நிக்கும்."

"பாறை நிலத்தோட கஷ்டம் இல்லையா ஹார்லன்?"

"பாறை இந்த ஊர்ல எவன் வீட்டுல இல்ல? உனக்கு இன்னைக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு சீக்கோட வந்து நிப்பாங்க."

கடைசி வாக்கியம் வேண்டாதது. அது அவருக்கே தெரிந்தது, சொன்னதும் காது சிவந்துபோயிற்று. ஆனால் ஓட்டை மாற்றவில்லை. மூன்றுக்கு இரண்டு, மனு தள்ளுபடி. வெர்னா வாதாடவில்லை. நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். அப்படி வைக்கும்படி அங்கே ஒரு அட்டை தொங்கும், அவளைத் தவிர யாரும் அதை மதித்ததில்லை.

எல்வினை முப்பது மைல் தள்ளியிருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். இருபத்திரண்டு மாதம் இருந்தார். வெர்னா ஒரு ஞாயிறு தவறாமல் காரை ஓட்டிக்கொண்டு போனாள். அங்கேயே செத்துப்போனார். அடக்கத்துக்கு ஹார்லன் போனார், நானும் போனேன். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு வெர்னாவே காபி ஊற்றிக் கொடுத்தாள்.

ஏழு வருஷம் கழித்து அந்தக் காட்டைக் கெஸ்லர் என்ற பாஸ்டன்காரர் வாங்கினார். கார் கொட்டகை போட விதிவிலக்கு கேட்டு மனுக் கொடுத்தார். கூடவே சர்வேயரை வைத்துப் புதிதாக அளந்த படம். வழக்கம்போல ஹார்லன் சனிக்கிழமை டேப்போடு போனார். திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்தைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு. கழற்ற மறந்திருந்தார்.

"பெவ், ஸ்டிக்னி ஃபைல் இருக்கா?"

"எதுக்கு?"

"எடும்மா."

எடுத்தேன். நின்றபடியே சொன்னார். "எல்லைக்கு நட்ட இரும்புக் கம்பி காட்டுக்குள்ள இருக்கு. சர்வேயர் தோண்டிக் கண்டுபிடிச்சு ஆரஞ்சு நாடா கட்டியிருக்கான். கல்சுவரைத் தாண்டி எட்டடி. மூணு தடவை அளந்துட்டேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்சுவர் என்றால் எல்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்துப் பழக்கம். ஆனால் அந்தச் சுவரைப் போட்டவன் மாடு சேற்றில் இறங்காமல் இருக்க, காய்ந்த தரையில், தன் நிலத்துக்குள்ளேயே போட்டிருக்கிறான். அதற்கு அப்பாலும் எட்டடி எல்வினுடைய நிலம். ஒன்பதடி நாலு அங்குலமும் எட்டடியும் பதினேழடிக்கு மேல். விதி கேட்டது பதினைந்து.

வெர்னாவுக்கு விதிவிலக்கே தேவைப்பட்டிருக்கவில்லை.

ஃபைலின் கடைசித் தாள் பத்திர நகல். ஹார்லன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலை வைத்துப் படித்தார். 'கல்சுவரைக் கடந்து இரும்புக் கம்பி வரை' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. முதல் தாளில் என் கையெழுத்தும் இருந்தது. 'பத்திரம் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் நான் போட்ட டிக்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் நான் டிக் போடுவது, பத்திரம் ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை.

"நீ இதைப் படிச்சியா பெவ்?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காபி போடட்டுமா?" என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் என்னைப் பார்த்தார். ஃபைலை மூடினார். "அளந்தவன் நான்தானே" என்றார்.

வெர்னாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மூன்று முறை அவள் வீட்டுத் தெரு வரை லாரியை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாராம். சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் அவளே எதிரில் வந்தாள். பாட்டில் மூட்டையை வாங்கித் தூக்கிப் போட்டாராம். "முதுகு பத்திரம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சொல்ல வாய் எழவில்லை என்று என்னிடம் வந்து புலம்பினார்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? எல்வின் திரும்பி வரப்போறாரா?" என்றேன். "பாவம், அவ நிம்மதியா இருக்கா. அதைப் போய்க் கெடுப்பானேன்?"

கேட்பவருக்கு இரக்கம் மாதிரி இருக்கும். எனக்கு அந்த டிக் மேல்தான் கவலை. வேலையில் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வெர்னா வந்தாள். பக்கத்து நிலக்காரி என்று நான்தான் தபால் அனுப்பியிருந்தேன். தபால் வந்தால் வரவேண்டும் என்று நினைக்கிறவள். இரண்டாவது வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்தாள். கெஸ்லரின் வக்கீல் படத்தைப் பலகையில் குத்தி அரைமணி நேரம் பேசினார். எல்லைக் கோடு அங்கே தடிமனாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் படத்தை யார் படிக்கிறார்கள்? ஹார்லன் பேசாமல் இருந்திருந்தால் அந்த மாலை அப்படியே முடிந்திருக்கும்.

தலைவர் டுவைட் ஃபார்னம் ஓட்டுக்கு விடப்போன நேரத்தில் ஹார்லன் எழுந்தார். நாங்கள் யாரும் எழுந்து பேசுவதில்லை.

"டுவைட், நான் ஒண்ணு சொல்லணும். இந்த மனுவைப் பத்தி இல்ல."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லாததைப் பேச முடியாது ஹார்லன்."

"அப்ப விதியை மீறிட்டேன்னு எழுதிக்க." அவர் வெர்னாவைப் பார்த்தார். "வெர்னா, எல்வின் அறைக்கு நான் கல்சுவர் வரைக்கும் அளந்தேன். சுவர் எல்லை இல்ல. அதுக்கு அந்தப் பக்கமும் எட்டடி உங்க நிலம். நான் தப்பா அளந்துட்டேன்."

வெர்னா பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்படின்னா?"

"நீ எங்ககிட்ட வந்து கேட்டிருக்கவே வேண்டாம். மறுநாளே கடைக்கால் தோண்டியிருக்கலாம்."

வெர்னா கைப்பையின் பட்டனைத் திறந்தாள், மூடினாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரு கேப்பாரு, எப்ப வீட்டுக்குப் போறோம்னு" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஊர்ல முடியாதுன்னுட்டாங்கன்னு சொல்லுவேன். முதல்ல அழுவாரு. அப்புறம் அழறதை விட்டுட்டாரு. பாதி வாய்தான் வரும், அந்தப் பாதி வாயால எனக்கு ஆறுதல் சொல்லுவாரு. 'விடு வெர்னா, ஹார்லன் அளந்தா சரியாத்தான் இருக்கும்'னு."

ஹார்லன் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"பத்திரத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"கம்பி வரைக்கும்னு போட்டிருக்கு."

"நான் அதைக் குடுத்தேனே. இங்க யாருமே படிக்கலையா?"

அந்தக் கேள்வியை அவள் அவரிடம் கேட்கவில்லை, எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். நான் அவளிடமிருந்து ஏழெட்டு அடியில் இருந்தேன். வாயைத் திறந்தால் போதும். ஹார்லன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் படிச்சிருக்கணும்" என்றார். "என் தப்பு. வேற யாரும் இல்ல. இன்னையோட இந்த வாரியத்துலேர்ந்து விலகிக்கறேன். வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்கா?" என்றாள் வெர்னா. "எல்வின் கேட்டதும் அதுதான் ஹார்லன். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். அதற்கப்புறம் மூன்று வருஷம், சாகும் வரை, ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் மனு வந்தாலும் பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கேட்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும். ஒவ்வொரு மாதமும் அது எனக்கென்றே படிப்பது போல இருக்கும். ஒரு தடவைகூட என்னைக் குத்திக் காட்டியதில்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை.

அன்றைய கூட்டக் குறிப்பு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஹார்லன் பெட்டெங்கில் தவறை ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறேன். பத்திரத்தை யாரும் படிக்கவில்லையா என்று திருமதி ஸ்டிக்னி கேட்டார் என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, திரு. பெட்டெங்கில் தாமே பொறுப்பு என்று பதிலளித்தார் என்று இருக்கிறது. என் பெயர் கடைசி வரியில், வழக்கமான இடத்தில், பதிவு செய்தவர் என்று மட்டும் வருகிறது.