கல்யாணத்துக்கு எடுத்த துணி

அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட ஒரு பட்டுப் பாவாடை, கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையாமல், அந்த வருஷம் மே மாதத்தில் எங்கள் பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் என் மகன் சின்னவனின் சந்தன நிறச் சட்டையும், இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் குட்டி வேட்டியும். அடியில் என் புடவை. எல்லாம் என் தம்பியின் கல்யாணத்துக்கு எடுத்தவை. சித்திரையில் நடக்கவேண்டிய கல்யாணம் நடக்கவில்லை. மண்டபத்துக்குச் சொல்லி, சமையலுக்குச் சொல்லி, பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, முகூர்த்தம் நெருங்கிய வாரத்தில் நின்றுபோனது. நான் துணிகளை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டேன். பூட்டும்போது என் மகள் பெரியவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிறகு பிறந்த வீட்டில் தம்பி ஒருவன்தான். மங்கலம்பேட்டையில் அப்பா பயிர் வைத்துக் காப்பாற்றிய குடும்பம். தம்பி டிப்ளமோ முடித்துச் சென்னைக்குப் பக்கத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் ஆளே மாறியிருந்தான். கம்பெனியில் காவலாளி முதல் மேலாளர் வரை அவனே தேடிப்போய்ப் பத்திரிகை கொடுத்தான். பெண் விருத்தாசலம் பக்கம். அவளேதான் போன் செய்து, தனக்கு இதில் விருப்பம் இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டு, அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். இரண்டு பக்கமும் பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். தம்பி உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தில். என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். நான் தினமும் காலை ரயிலில் சிதம்பரம் போய் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவேன். அப்போது பெரியவள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள், சின்னவன் யு.கே.ஜி. ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளைகளை மங்கலம்பேட்டையில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். அந்த வருஷம் அங்கே இருந்த நிலையில் எப்படி விடுவது? யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பியே போன் செய்தான். "அக்கா, பசங்களப் பாத்துக்க ஆள் இல்லன்னியாமே. நான் வரேன்." அவனுக்கு அந்த ஊரை விட்டு வர ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். "வாடா, நல்லதாப் போச்சி" என்று மட்டும் சொன்னேன்.

தாடியோடும் ஒரு பையோடும் வந்து இறங்கினான். போனை அணைத்துப் பைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தான். கம்பெனியில் லீவு முடிந்துவிட்டது, மேலாளர் அப்பாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அத்தனை பேருக்கும் பத்திரிகை கொடுத்த இடத்துக்கு எந்த முகத்தோடு போவது என்று அவன் அப்பாவிடம் சொன்னானாம். வேலையை விட்டுவிடுவான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். என் வீட்டுக்காரர் அவனை எங்கேயாவது வெளியே அழைத்துப்போகப் பார்த்தார். "மச்சான், சும்மா கடைக்கு வந்து உக்காருங்க" என்பார். "இருக்கட்டும் மாமா, வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்று அவன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஓடுவது என்ன படம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பெரியவர்கள் நாங்கள் அவனைச் சுற்றி மெதுவாக நடந்தோம், மெதுவாகப் பேசினோம். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒரு முழு மாமா பகல் பூராவும் வீட்டில் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான். கடையிலிருந்து வந்த காலி பெயின்ட் வாளிகள் எங்கள் மொட்டை மாடியில் எப்போதும் அடுக்கியிருக்கும். ஆளுக்கு ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி அதற்குள் உட்கார்ந்துகொண்டு, மாமா மேலே ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது மாடிப்படியெல்லாம் ஈரமாக இருக்கும். பிறகு வேறொன்று பிடித்தது. கடையில் மிச்சமாகி, உறைந்துபோகத் தொடங்கிய சின்னச் சின்ன டப்பாக்களை வாங்கி வந்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு முழம் ஊதா, ஒரு முழம் எலுமிச்சை மஞ்சள், அடுத்தது ஆஸ்பத்திரிப் பச்சை. மீனா யானையா என்று தெரியாத உருவங்கள். சின்னவனின் தலைமுடியில் ஒட்டிய பெயின்ட்டை எடுக்க முடியாமல் முன்முடியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டிருந்தான் தம்பி. நான் கத்துவேன் என்று மூன்று பேரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட யாராவது வந்தால் சட்டென்று சுவருக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொள்வான் என்று பெரியவள் என்னிடம் வந்து சொன்னாள். "மாமா யாருகிட்டம்மா ஒளிஞ்சி வெளையாடுறாரு?"

ஒரு சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் அது நடந்தது. தோசை ஊற்றி ஊற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவள் திடீரென்று கேட்டாள்.

"மாமா, கல்யாணம் நின்னுபோனா புதுத் துணி போடக் கூடாதா?"

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. "பேசாம சாப்புடுடி" என்றேன். கையில் தோசைக் கரண்டி இருந்ததால் அது அதட்டலைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். தம்பி தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"யாரு சொன்னா போடக் கூடாதுன்னு?"

"அம்மா பீரோவுல வச்சிப் பூட்டிட்டாங்க. என் பட்டுப் பாவாடைய நான் ஒரு வாட்டிகூடப் போடல."

"ஏன் நின்னுச்சி மாமா?" இது சின்னவன்.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அவனிடம் நேராகக் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்னக் கட்டிக்க இஷ்டம் இல்லடா" என்றான் தம்பி.

"உனக்கு?"

"எனக்கு இருந்துச்சி."

சின்னவன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான். தோசையைக் கிழித்துச் சட்னியில் தொட்டுக்கொண்டே யோசித்தான். பிறகு, "அப்ப நாளைக்குப் போடலாமா?" என்றான்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் உதட்டோரம் வேறு ஏதோ இருந்தது. "போட்டுக்கட்டும்க்கா" என்றான். "எங்கனா கூட்டிக்கிட்டுப் போவலாம். நாளைக்கு உனக்கு லீவுதான?"

பட்டு கட்டிக்கொண்டு எங்கே போவது என்று பிள்ளைகளைக் கேட்டால் கோயில் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். இரண்டும் ஒரே குரலில் பிச்சாவரம் என்றன. படகு! இந்த வெயிலில், பட்டோடு, தண்ணீரில். நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அம்மாவும் கல்யாணப் புடவையைக் கட்டவேண்டும், மாமாவும் பட்டு வேட்டி கட்டவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. தம்பியின் கல்யாண வேட்டி மங்கலம்பேட்டையில் இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தம்முடைய வேட்டியை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தார். "கடைய விட்டு என்னால வர முடியாது மச்சான். நான் கட்ன மாதிரி நெனச்சிக்கிறேன்" என்றார்.

காலையில் தம்பி தாடியை எடுத்துவிட்டு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரயிலில் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். ஜன்னல் ஓரத்தில் தம்பி மடியில் சின்னவன். நெற்றியில் வெட்டுப்பட்ட முடியோடு, திருநீறு பூசி, சந்தனச் சட்டையில் சின்ன மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்கு வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டியது.

துடுப்புப் படகுதான் கிடைத்தது. பட்டுப் பாவாடைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பெரியவள் முன்னால் உட்கார்ந்தாள். சின்னவன் ஏறும்போதே அவன் வேட்டி 'டர்'ரென்று கழன்று கையில் வந்துவிட்டது. அதைத் தம்பி தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டான். படகுக்காரர் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர், நடுத்தர வயது. அகலமான தண்ணீரைத் தாண்டி, இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் இறங்கி நிற்கும் குறுகலான வழிக்குள் படகு நுழைந்தது. வெயில் போய், பச்சை நிழல் வந்தது. துடுப்புச் சத்தம் மட்டும்தான். படகுக்காரர் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாணத்துக்குப் போய்ட்டு அப்டியே வர்றீங்களா?"

நான் தம்பியைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன். சின்னவன் முந்திக்கொண்டான்.

"கல்யாணம் நின்னு போச்சி. மாமாவோட கல்யாணம். அதான் போட்டுக்கிட்டு வந்துட்டோம்."

படகுக்காரர் துடுப்பை நிறுத்தவில்லை. "அப்டியா" என்றார். "சரி, எல்லாரும் தலையக் குனிஞ்சிக்குங்க. கெள வருது."

எல்லாரும் குனிந்தோம். கிளை எங்கள் தலைக்கு மேல் உரசிக்கொண்டு போனது. நிமிர்ந்தபோது தம்பியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமே வராத சிரிப்பாகத் தொடங்கி, பிறகு அடக்க முடியாமல், படகு ஆடும் அளவுக்குச் சிரித்தான். "கெள வருதாம்க்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எதற்கென்று புரியாமலே பிள்ளைகளும் சிரித்தார்கள். படகுக்காரரும் சிரித்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. ஊரே கூடி விசாரித்த விஷயம் அங்கே ஒரு மரக்கிளை அளவுக்குத்தான் இருந்தது. குனிந்துகொண்டால் தாண்டிப் போய்விடுகிற மாதிரி.

கரைக்கு வந்ததும் மரநிழலில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைப் பிரித்தேன். தம்பி பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தான். உயிர் வந்ததும் அது விடாமல் கத்தியது. அவன் நாலு எட்டு தள்ளி நின்று பேசினான். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் கேட்டது.

"சார், நான்தான் சார்... இல்ல சார், கல்யாணம் நடக்கல. ஆமா சார், நின்னுபோச்சி... நல்லாதான் இருக்கேன் சார்... வந்துர்றேன். ஆனா ஸ்கூல் தொறந்தப்புறம் வரேன் சார். அக்கா பசங்க லீவுல இருக்காங்க, பாத்துக்க வேற ஆள் இல்ல."

கல்யாணம் நடக்கல என்ற அந்த இரண்டு வார்த்தையை ஒரு வெளி ஆளிடம் அவன் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்து உட்கார்ந்து, இலையில் இருந்ததைத் தின்று முடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டாம் முறை சோறு கேட்டதில்லை.

திரும்பும்போது சிதம்பரம் ரயில் நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி எதிரே வந்துவிட்டாள். பட்டுத் துணிகளையும் எங்களையும் பார்த்து, "என்னக்கா விசேஷம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியே சொன்னான். "விசேஷம் ஒண்ணும் இல்லைங்க. படகுல போனோம்." தலையைக் குனியாமல் சொன்னான்.

மேலாளர் ஒப்புக்கொண்டார். பள்ளி திறக்கும்வரை தம்பி எங்களோடு இருந்தான். கடைக்கும் போய் உட்கார்ந்தான், பிள்ளைகளைச் சாயங்காலத்தில் சில்வர் பீச்சுக்கும் அழைத்துப்போனான். பிறகு வேலைக்குத் திரும்பினான். அங்கே முதல் வாரம் கஷ்டமாக இருந்ததாகப் பின்னால் சொன்னான். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்றும் சொன்னான். சில வருஷம் கழித்து, தன்னோடு வேலை பார்ப்பவரின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டான். பேசிப் பழகி, இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே சொன்னான். இப்போது செங்கல்பட்டில் இருக்கிறார்கள். நடக்கப் பழகி ஓடத் தொடங்கியிருக்கும் ஒரு பெண் குழந்தை.

இந்த மே மாதம் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் எல்லாரும் கடற்கரைக்குப் போனோம். தம்பியும் அவன் மனைவியும் குழந்தையின் ஆளுக்கொரு கையைப் பிடித்து அலையில் நிறுத்தியிருந்தார்கள். என் சின்னவன், இப்போது மீசை அரும்பத் தொடங்கியவன், தண்ணீரை வாரி இறைத்து அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். பெரியவளும் நானும் மணலில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள்.

"அம்மா, அந்த வருஷம் மாமா நம்ம வீட்டுல வந்து இருந்தாரே, அப்ப ரொம்ப ஒடஞ்சி போயிருந்தாராமே? ஊர்ல பேசிக்கிட்டாங்க" என்றாள்.

"ம்" என்றேன்.

"எனக்கு அப்டி ஒண்ணும் தெரியவே இல்லியேம்மா. எங்களுக்கு லீவு விட்டதுலயே அதான் நல்ல லீவு. மாமா எங்ககூடவே இருந்தாரு. ஜாலியாதான இருந்தாரு?"

அந்தத் தாடியையும், அணைத்துப்போட்ட போனையும், சுவருக்குக் கீழே குனிந்து உட்கார்ந்ததையும் அவளுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் வயதுக்குப் புரியும். ஆனால் அவள் சொன்னதும் நடந்ததுதான். நாங்கள் பார்த்த அதே வீட்டில், அதே நாட்களில், அந்த இரண்டு பிள்ளைகளோடும் அவன் அப்படியும் இருந்திருக்கிறான். பெரியவர்களான எங்களுக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

"ஆமா, ஜாலியாத்தான் இருந்தான்" என்றேன்.

அலைக்குள்ளிருந்து தம்பி எங்களைப் பார்த்துக் கையாட்டினான். "அங்க உக்காந்துக்கிட்டு இன்னாக்கா கதை? எறங்கி வாங்க ரெண்டு பேரும்" என்று கத்தினான். புடவையைக் கொசுவத்தோடு தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தேன். பெரியவள் எனக்கு முன்னால் ஓடினாள்.