ஏரிக்குள் முளைத்த மருளூமத்தை

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஊசி போடுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். செடியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. என் சர்வீஸில் நான் செய்த பெரிய தப்பு ஒரு செடியில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், குந்தாரப்பள்ளிப் பக்கம் கம்பவுண்டராக இருந்தபோது நடந்தது.

1. பாஷாணம்

கோடையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெங்கடப்பா என்ற பெரிய விவசாயியின் ஆள் ஓடிவந்தான். வற்றிய ஏரிக்குள் மேய்ந்த மாடுகள் விழுந்துவிட்டனவாம். டாக்டர் கேம்ப் போயிருந்தார். நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் மூன்று காளைகள் செத்துவிட்டன. நான்காவது, வாயில் நுரை தள்ளி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதுவும் என் கண் முன்னாலேயே போயிற்று.

ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். இரைப்பையின் உள்பக்கம் சிவந்திருந்தது. லேபுக்கு அனுப்ப, இரையில் கொஞ்சம் அள்ளி ஜாடியில் போட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"இன்னா கம்பவுண்டரே, இன்னா நோவு?" என்றார் வெங்கடப்பா.

"நோவு இல்லீங்க. பாஷாணம். எவனோ வெச்சிருக்கான்."

ஊரே சுற்றி நின்று என்னைக் கேட்கிறது என்ற மிதப்பு எனக்கு. வேறு காரணம் இல்லை.

செத்த மாட்டை உரித்துத் தோலை எடுத்துக்கொள்வது அந்த ஊரில் மாரனின் பாத்தியதை. வெங்கடப்பா சொல்லியனுப்பித்தான் அவர் கத்தியோடு வந்திருந்தார். நாலு தோல் யாருக்குக் கிடைக்கும் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். அவ்வளவுதான். மாரனைப் புளியமரத்தில் கட்டி, மாடு ஓட்டும் தடியால் அடித்தார்கள். நான் ஜாடியை மூடி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

2. வேர்

மறுநாள் டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராக ஏரிக்குள் இறங்கினார். காய்ந்த சேற்றில் பச்சை என்று இருந்தது ஒரே வகை முளைதான். தடித்து, ஒடுக்கமாக, இரண்டே இலை. பல இடங்களில் மாடு கடித்திருந்தது.

"இது என்ன?"

"ஏதோ பயறு மொளை சார்."

"பாத்துச் சொல்றியா, வாய்க்கு வந்ததைச் சொல்றியா? மண்ணோட தோண்டுய்யா."

பேனாக்கத்தியால் தோண்டினேன். வேரோடு ஒரு முள்காய் மாட்டிக்கொண்டு வந்தது. வேட்டியில் ஒட்டினால் திட்டிக்கொண்டே பிய்த்துப் போடுவோமே, அந்த மருளூமத்தைக் காய். வளர்ந்த செடி எனக்கு நன்றாகத் தெரியும். சொரசொரப்பான அகல இலை. முளைக்கு அந்தச் சாயலே இல்லை.

"பேருலதான் ஊமத்தை, சூரியகாந்திக் குடும்பம் இது. வளந்துட்டா மாடு தொடாது. இந்த ரெண்டு எலைப் பருவத்துல தின்னா செத்துடும்" என்றார் டாக்டர்.

ஜாடியில் இருந்ததைத் தண்ணீரில் அலசினோம். அதே இலைகள். முந்தின நாள் என் கையாலேயே அள்ளிப் போட்டவை.

3. மாரன் வீடு

டாக்டர் வெங்கடப்பாவிடம் செடியைக் காட்டி விளக்கினார். அவர் வாங்கிப் பார்த்தார், கீழே போட்டார், உள்ளே போய்விட்டார்.

இன்னொரு முளையை எடுத்துக்கொண்டு நான் மாரன் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி எல்லம்மா என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இதத்தான் சாமி, கட்டிப் போட்டப்பவே அவரு சொன்னாரு. ஏரிக்குள்ள மருளூமத்த மொளச்சிருக்குது, அதத் தின்னுடுச்சின்னு கத்துனாரே. உங்க காதுல வுழலையா?"

"விழலைம்மா" என்றேன்.

பொய். விழுந்தது. இரண்டு முறை சொன்னார். தோல் உரிக்கிறவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் லேபிளை ஒட்டினேன். இதை மேலே அந்த இடத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

மாரன் மூன்றாம் நாள் இறந்தார். மரத்திலிருந்து விழுந்ததாக எழுதிப் போலீஸார் கேஸை முடித்தார்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். எந்த முளையையும் தோண்டிப் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள். அதற்கும் முன்னால், பக்கத்தில் நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேளுங்கள். எல்லம்மா அதே ஊரில்தான் பல வருஷம் இருந்தாள். அவளிடம் போய், என் காதில் விழுந்தது என்று சொல்ல நேரம் அமையவில்லை என்று எழுதலாம். நான் போகவில்லை, அவ்வளவுதான்.