கடலை நோக்கி ஓடியவள்

கூட்டத்துக்கு ஓடக் கற்றுக்கொடுப்பதுதான் அப்போது என் வேலை. முன்பு சக்கைபோடு போட்ட ஒரு கடல்பூதப் படத்தை, ஐம்பதுகளில் அதே முதலாளி மறுபடியும் எடுத்தார். பழைய படத்தில் பூதம் ஸ்டூடியோத் தொட்டியில், இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்தது. இந்த முறை நிஜக் கடலிலேயே எழவேண்டும், அதுவும் இரண்டு ஆள் உயரத்துக்கு. நான் உதவி டைரக்டர்களில் கடைசி ஆள். எடுபிடி என்றாலும் தப்பில்லை.

நெட்டுக்குப்பத்துக் கரையில் படப்பிடிப்பு. பூதத்தின் உடம்பு மூங்கிலும் கித்தான் துணியும், மேலே தார். அதற்குள் நின்று நடந்தவர் ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவர். பழைய படத்திலும் அவர்தான். அந்த நடை வேறு எவனுக்கும் வராது என்று முதலாளி அவரையே தேடிப்பிடித்து வந்திருந்தார். நடை அப்படியே இருந்தது. ஆனால் மூச்சிரைப்பு சேர்ந்திருந்தது.

“அப்போ தொட்டிபா, இப்போ அலை கீது. என்னால முடியலன்னா வலது கையத் தூக்குவேன். பாத்துக்கோ” என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். “சரிண்ணே” என்றேன்.

முதல் தடவை பூதம் எழுந்ததும், பயந்து ஊருக்குள் ஓடவேண்டிய குப்பத்து ஜனங்கள் மொத்தமாகத் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. டைரக்டர் என்னைக் காய்ச்சி எடுத்தார். நான் அவர்கள்மேல் பாய்ந்தேன். மீன் விற்கிற ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“கடல்ல எதுனா ஆச்சுன்னா அங்கதானே ஓடணும்? கட்டுமரம் அங்க கீது, வூட்டு ஆம்பள அங்க கீறான். நீ இன்னா, வூட்டப் பாத்து ஓடுன்ற?”

“இது சினிமாம்மா. சொன்னதைச் செய்” என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு! வெயிலில் திரும்பத் திரும்ப ஓடவைத்தேன். திரும்பிப் பார்த்தால் நாளைக்கு வரவேண்டாம் என்று மிரட்டினேன். எல்லோரும் பழகிவிட்டார்கள், அவளைத் தவிர. அவளை மட்டும் விலக்கி, ஓரத்தில் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

மூன்றாவது தடவை கூட்டம் பிரமாதமாக ஓடியது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “அப்படித்தான், ஓடு, திரும்பாதே!” என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது அவள் என்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடினாள். வாயில் வந்தபடி திட்டினேன்.

“யோவ், அந்தாளு கையத் தூக்கிகினு கீறான்யா!”

திரும்பினேன். அதற்குள் கை இறங்கிவிட்டது. பூதம் அலையில் குப்புறக் கிடந்தது, கித்தானெல்லாம் தண்ணீர். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் அதையும் நடிப்பு என்றே நினைத்திருந்தார்கள். கடலில் ஒருவன் கை தூக்கினால் கூப்பிடுகிறான் என்று அந்தக் கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் பார்த்திருந்தால் போதும். நான்தான் பார்க்கவிடவில்லை.

ஓடியவர்கள் பனைமரங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டு அவர்கள் வந்து சேரும்வரை, கழுத்தளவுத் தண்ணீரில் அவள் ஒருத்தியாக மீன் கத்தியால் அந்தத் தார்த்துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று அழுதேன். அவரை வெளியே எடுத்தபோது மூச்சில்லை.

மறுபடி எடுக்க அந்த நடைக்கு ஆளில்லாததால், அந்தக் காட்சியையே படத்தில் வைத்துவிட்டார்கள். ராயபுரத்துக் கொட்டகையில் ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பூதம் வலது கையைத் தூக்கியதும் விசில் பறந்தது. அடுத்த நொடி, திரையின் ஓரத்தில் அவள் கடலை நோக்கி ஓடினாள்.

“டேய், அங்க பாருடா, பூதத்தாண்ட ஓடுது!” என்று எவனோ கத்த, கொட்டகையே சிரித்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் சிரிப்பு தாங்காமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நானும் சிரித்தேன்.